கடிகாரக் கடை வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஆறு பேர்: ஹார்லெம், 1942–44

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரக் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்த ஒரு குடும்பத்தைப் பற்றிய ஆய்வு இது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1942 மே மாதத்திலிருந்து 1944 பிப்ரவரி வரை, இவர்கள் தங்கள் வீட்டில் யூதர்களை ஒளித்து வைத்தார்கள். பிடிபட்டார்கள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குள் ஒளிந்திருந்த ஒருவர்கூடப் பிடிபடவில்லை. இது எப்படி நடந்தது என்பதுதான் என் கேள்வி.

பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பக்தியும் தியாகமும் முன்னால் வந்து நின்றுகொள்கின்றன. அவர்கள் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. செங்கல் அடுக்கியது, ரேஷன் அட்டை தேடியது, நடுராத்திரியில் ஒத்திகை பார்த்தது, இதெல்லாம்தான் அந்த வேலை. வீட்டுக்குள் நடந்த பேச்சுகளையும் நுணுக்கமான விவரங்களையும் குடும்பத்தின் இளைய மகள் போருக்குப் பிறகு எழுதியவற்றிலிருந்து எடுத்திருக்கிறேன்.

பின்னணி

1940 மே 10 அன்று ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. 14ஆம் தேதி ரோட்டர்டாம் மீது குண்டு வீசினார்கள். மறுநாள் நாடு சரணடைந்தது. அப்போது அங்கே சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள்.

எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. முதலில் அரசு வேலைகளிலிருந்து நீக்கினார்கள். 1941இல் யூதர்கள் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடையாள அட்டையில் தனி எழுத்து குத்தினார்கள். 1942 மே மாதம் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் கட்டாயமானது. அதே வருடம் ஜூலையில், பிடித்த யூதர்களைத் திரட்டி வைத்த வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ரயில்கள் கிழக்கே போலந்திலிருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கிளம்பத் தொடங்கின. மறுவருடம் சோபிபோர் என்ற இன்னொரு கொலை முகாமுக்கும் போயின. போர் முடிந்தபோது 1,02,000 பேருக்கு மேல் உயிரோடு இல்லை. மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய விகிதத்தில் யூதர்களை இழந்த நாடு வேறு கிடையாது.

காரணங்களில் ஒன்று நிலம். நெதர்லாந்து உள்ளங்கை மாதிரி தட்டையான நாடு. ஓடி ஒளிய மலை இல்லை, பெருங்காடு இல்லை. இன்னொன்று காகிதம். மக்கள்தொகைப் பதிவேடு ஒரு பிசகும் இல்லாமல் பராமரிக்கப்பட்டது. டச்சு அடையாள அட்டையைப் போலி செய்வது மிகக் கடினம். ஆகவே தப்ப நினைத்தவருக்கு இருந்த இடம் அடுத்தவர் வீடு ஒன்றுதான். இப்படி ஒளிந்தவர்களை டச்சுக்காரர்கள் ‘அடியில் முங்கியவர்கள்’ என்று சொன்னார்கள். 25,000 யூதர்களுக்கு மேல் முங்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிடிபட்டார். 1943இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு யூதரைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு ஏழரை கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கூலி. இதையே தொழிலாகச் செய்த டச்சுக்காரர் கூட்டமும் இருந்தது.

போலந்தில் யூதருக்கு இடம் கொடுத்தால் வீட்டோடு சுட்டுவிடுவார்கள். நெதர்லாந்தில் அப்படி நிச்சயமான தண்டனை இல்லை. சிலரை எச்சரித்து விட்டார்கள், சிலரை முகாமுக்கு அனுப்பினார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

வீடும் ஆட்களும்

கீழே கடை, மேலே குடித்தனம். 1837இல் தாத்தா தொடங்கிய கடை அது. தந்தைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, மனைவி இறந்து பல வருடங்கள். கல்யாணம் ஆகாத இரண்டு மகள்கள் அவரோடு இருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல். மூத்தவர் வீட்டைக் கவனித்தார். இளையவர் அப்பாவோடு பட்டறையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தார். நெதர்லாந்தில் கடிகாரத் தொழிலுக்கு உரிமம் வாங்கிய முதல் பெண் இவர்தான். திருமணமான ஒரு சகோதரியும், பாதிரியாரான ஒரு சகோதரரும் வேறு வீடுகளில் இருந்தார்கள்.

கட்டடம் விசித்திரமானது. முன்னும் பின்னுமாக நின்ற இரண்டு குறுகலான பழைய வீடுகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தார்கள். தளங்கள் ஒரே மட்டத்தில் இல்லை. நடுவில் சுழல் படிக்கட்டு, இங்கே இரண்டு படி ஏறினால் ஒரு அறை, அங்கே நான்கு படி இறங்கினால் இன்னொன்று. வெளியாள் உள்ளே வந்தால் எந்த அறை எங்கே முடிகிறது என்று புரியாது. இந்தக் கோணல் பின்னால் உயிர் காத்தது.

கடையில் நாள் முழுக்க ஆள் வந்து போவார்கள். புதுமுகத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அரைத் தெரு தள்ளி நகரப் போலீஸ் தலைமையகம் இருந்தது.

முதல் ஆள்

1942 மே மாதம் ஒரு பெண் கையில் பெட்டியோடு கதவைத் தட்டினார். கணவரைச் சில மாதங்களுக்கு முன் பிடித்துப் போய்விட்டார்கள், மகன் எங்கோ ஒளிந்திருக்கிறான், தனியாக வீட்டுக்குத் திரும்பப் பயம். இந்தக் குடும்பம் முன்பு ஒரு யூத அண்டை வீட்டாருக்கு உதவியதைக் கேள்விப்பட்டு வந்திருந்தார். பெரியவர் யோசிக்கவே இல்லை, உள்ளே வரச் சொல்லிவிட்டார். இரண்டு இரவு கழித்து வயதான ஒரு தம்பதி வந்தார்கள்.

அவர்கள் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை என்பதுதான் தொடக்கம். அந்த வீட்டில் வளர்ப்புக் குழந்தைகள் பல பேர் ஏற்கெனவே வளர்ந்து போயிருந்தார்கள். ஒரு ஆள் கூடினால் சாப்பாட்டு மேஜையில் நெருங்கி உட்காருவது அவர்களுக்குப் புதிதில்லை.

ரேஷன் அட்டை

இளைய மகள் தன் சகோதரரிடம் போனார். கிராமத்துப் பண்ணைகளில் இவர்களை வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் பண்ணைக்காரர்களும் ரேஷன் அட்டை கேட்கிறார்கள் என்றார் அவர். பதிவில்லாத ஆளுக்கு அட்டை கிடையாது. அட்டை இல்லாதவருக்குச் சட்டப்படி ரொட்டி கிடையாது. மறைவிடம் கிடைத்த பிறகும் பசி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இளைய மகள் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகப் பல வருடம் ஞாயிறு வழிபாடு நடத்தியவர். அதில் வந்த ஒரு பெண்ணின் அப்பா உணவு அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். எத்தனை அட்டை வேண்டும் என்று கேட்டார் அவர். ஐந்து கேட்கத்தான் போயிருந்தார் இவர், வாயில் வந்ததோ நூறு. அந்த அலுவலர் தன் அலுவலகத்திலேயே கொள்ளை நடந்ததுபோல் ஏற்பாடு செய்தார். நம்பும்படி இருக்க வேண்டும் என்பதற்காக நண்பரை விட்டுத் தன்னை அடிக்கவும் வைத்தார். அடுத்த முறை பார்க்கும்போது அவர் முகம் வீங்கிக் கறுத்திருந்தது.

இந்த முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது. நூறு அட்டை கையில் வந்தபின் இது ஒரு குடும்பம் நாலு பேரை வைத்திருக்கும் விஷயமாக இல்லை. மாதாமாதம் அட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும், இடம் பார்க்க ஆள் வேண்டும், செய்தி கொண்டுவர ஆள் வேண்டும். கடிகாரக் கடை ஒரு வலையின் நடுப்புள்ளி ஆனது.

தொலைபேசியில் கடைப் பேச்சே சங்கேதமானது. ‘கடிகாரம்’ என்றால் ஒளிக்க வேண்டிய ஆள். முகப்பில் சிக்கலுள்ள பழைய கடிகாரம் ஒன்று இருக்கிறது என்றால், பார்த்ததும் யூதர் என்று தெரிந்துவிடும் முதியவர் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

பொய் சொல்லலாமா

கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பம். பொய் பாவம் என்று பிள்ளைப் பருவத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். இந்தக் கேள்வியில் வீட்டுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. திருமணமான சகோதரி என்ன வந்தாலும் பொய் சொல்வதில்லை என்று இருந்தார். ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தவர்கள் அங்கிருந்த பெண்ணைக் காட்டி, இவள் யூதப் பெண்ணா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டார். இருவரும் கைதானார்கள். அந்தப் பெண்ணை, ஆக்கிரமிப்பை ரகசியமாக எதிர்த்த எதிர்ப்பு இயக்கத்தார் தடுப்பிடத்திலிருந்து மீட்டார்கள், சகோதரியும் சில வாரங்களில் விடுதலையானார். ஆனால் இளைய மகளுக்கு அந்த ‘ஆமாம்’ கடைசிவரை உறுத்தியது என்பது எழுத்தில் தெரிகிறது. எனக்கும் உறுத்துகிறது. தன் மனசாட்சியைக் காப்பாற்ற அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது? இது நல்லபடியாக முடிந்ததால் அந்த முடிவு சரியாகிவிடாது.

சுவர்

1943இல் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த ஒரு கட்டடக் கலைஞர் வீட்டைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்து, மாடியின் உச்சியிலிருந்த இளைய மகளின் படுக்கையறையைத் தேர்ந்தெடுத்தார். சோதனைக்கு வருபவர்கள் கீழேயிருந்துதான் தேட ஆரம்பிப்பார்கள். மேலே வந்து சேருவதற்குள் கிடைக்கும் நிமிடங்கள் உள்ளே இருப்பவர்களுக்கு.

அறையின் பின்சுவருக்கு முன்னால் சுமார் 75 சென்டிமீட்டர் விட்டு இன்னொரு சுவர் எழுப்பினார்கள். மரப்பலகை வைத்திருந்தால் வேலை சுலபம். ஆனால் பலகையைத் தட்டினால் கூடு மாதிரி ஒலிக்கும், அதனால் செங்கல். கொத்தனாரைக் கூப்பிட முடியாது. செங்கல்லையும் கலவையையும் செய்தித்தாளில் சுற்றி, கைப்பைக்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார்கள். கட்டி முடித்ததும் புதுச்சுவர் என்று தெரியாதபடி, தண்ணீர் இறங்கிக் கறை படிந்ததுபோலப் பூசினார்கள். அதன் முன் பழைய துணி அலமாரி. அலமாரியின் அடித்தட்டுக்குப் பின்னால் தூக்கக்கூடிய ஒரு பலகை. குனிந்து, கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். வெளிச்சுவரில் காற்றுக்கு ஒரு துளை. வீடு முழுக்க எச்சரிக்கை மணிக்குப் பொத்தான்கள் வைத்தார்கள்.

சாப்பாட்டு அறை ஜன்னலில் ஒரு கடிகார நிறுவனத்தின் முக்கோண விளம்பரப் பலகை இருந்தது. அது நிமிர்ந்து நின்றால் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் வராதே.

ஒத்திகை

அறிவிப்பில்லாமல் மணி அடிக்கும். எல்லோரும் மாடிக்கு ஓட வேண்டும். முதல் தடவை பல நிமிடம் ஆனது. சாப்பாட்டு மேஜையில் தட்டுகள் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. நடுராத்திரி என்றால் படுக்கை. எழுந்து ஓடியவரின் மெத்தை கதகதப்பாக இருக்கும், கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் ஓடும் முன் மெத்தையைப் புரட்டிப் போட்டுவிட்டு ஓடப் பழகினார்கள். வாரக்கணக்கில் பழகி நேரத்தை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

எல்லோரையும்விட அதிகம் பழக வேண்டியிருந்தவர் இளைய மகள்தான். சோதனைக்கு வந்தவர்கள்போல நடித்து, தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கி, உன் ஒன்பது யூதர்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அதட்டினார்கள். தூக்கக் கலக்கத்தில் அவர் சொன்ன பதில்: இப்போது ஆறு பேர்தான் இருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை அவ்வளவு சீக்கிரம் நாக்கில் வந்து நின்றுவிடுகிறது. எந்த யூதர்கள் என்று எரிச்சலோடு திருப்பிக் கேட்பது இயல்பாக வரும்வரை அவரைத் திரும்பத் திரும்ப எழுப்பினார்கள்.

ஆஸ்துமா உள்ள பெண்

வீட்டில் வழக்கமாக ஆறேழு பேர் ஒளிந்திருந்தார்கள். யூதர்களும் இருந்தார்கள், ஜெர்மனியின் கட்டாய வேலைக்குத் தப்பிய டச்சு இளைஞர்களும் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் ஆஸ்துமா உள்ள ஒரு யூதப் பெண் வந்தார். மூச்சு இழுக்கும் சத்தம் காரணமாக வேறு வீடுகள் அவரை எடுக்கவில்லை. இருமினால் எல்லோரும் போய்விடுவார்கள். இந்த ஆபத்து குடும்பத்துக்கு மட்டும் இல்லை, ஏற்கெனவே ஒளிந்திருப்பவர்களுக்கும்தான். அதனால் அவர்களையே உட்கார வைத்துக் கேட்டார் இளைய மகள். இருக்கட்டும் என்றார்கள் அவர்கள்.

இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இது. ஆபத்தைச் சுமக்கப்போகிறவர்களிடம் முதலில் கேட்டார்கள்.

1944 பிப்ரவரி 28

இளைய மகள் காய்ச்சலில் படுத்திருந்தார். காலையில் அறிமுகமில்லாத ஒரு ஆள் கடைக்கு வந்தான். தன் மனைவி யூதர்களை ஒளித்ததற்காகக் கைதாகிவிட்டாள், ஒரு போலீஸ்காரருக்குக் கொடுக்க 600 கில்டர் வேண்டும் என்றான். அவன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதைக் கவனித்தார். இருந்தாலும் அவன் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன செய்வது? பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு மறுபடி போய்ப் படுத்தார். அவன் காட்டிக்கொடுக்க வந்தவன்.

அன்று பாதிரியார் சகோதரர் நடத்தும் வேத ஆராய்ச்சிக் கூட்டத்துக்கும் ஆட்கள் வந்திருந்தார்கள். சாயங்காலம் ஜெர்மானிய ரகசியப் போலீஸான கெஸ்டபோ நுழைந்தது. மணி அடித்தது. காய்ச்சலில் அரை மயக்கமாக இருந்த இளைய மகள் கண்ணைத் திறந்தபோது, அவர் கட்டிலைக் கடந்து ஒவ்வொருவராக அலமாரிக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். நான்கு யூதர்கள், எதிர்ப்பு இயக்கத்தின் இரண்டு டச்சுக்காரர்கள். ஆஸ்துமாக்காரப் பெண் மூச்சு வாங்கக் கடைசியாக வந்தார். பலகை இறங்கிய கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

மூத்த மகள் ஜன்னல் பலகையைத் தட்டிவிட்டார். ஆனால் வந்தவர்களில் ஒருவன் அதைக் கவனித்து, அர்த்தம் புரிந்துகொண்டு, மறுபடி எடுத்து நிறுத்திவிட்டான். அதன் பிறகு கதவைத் தட்டியவர் எல்லோரும் பொறியில் விழுந்தார்கள். இரவுக்குள் சுமார் 30 பேர் கைதானார்கள். கூடுதல் ரேஷன் அட்டைகளும் கிடைத்துவிட்டன. மகள்களை அறைந்து கேட்டார்கள், அலமாரிகளை உடைத்தார்கள், சுவர்களை அடித்துப் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை. அந்த ஆறு பேர் மட்டும் கிடைக்கவில்லை.

47 மணி நேரம்

வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்பதில் கெஸ்டபோவுக்குச் சந்தேகம் இல்லை. காவல் போட்டார்கள், பட்டினியில் தானாக வெளியே வருவார்கள் என்று கணக்கு. 75 சென்டிமீட்டர் அகலத்தில் ஆறு பேர். தண்ணீர் இல்லை, சாப்பாடு என்று சொல்ல எதுவும் இல்லை. வெளியே காவலாளிகள் நடக்கும் சத்தம். இரண்டு நாள் கழித்து, எதிர்ப்பு இயக்கத்தோடு தொடர்பில் இருந்த உள்ளூர்ப் போலீஸ்காரர்களின் உதவியோடு அவர்கள் வெளியே கொண்டுவரப்பட்டு வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அரைத் தெரு தள்ளித் தலைமையகம் இருந்த அதே போலீஸ்தான்.

சிறையில் தனி அறையில் இருந்த இளைய மகளுக்குக் குடும்பத்திடமிருந்து வந்த பார்சலில், தபால்தலைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: உன் அலமாரியிலிருந்த கடிகாரங்கள் எல்லாம் பத்திரம்.

அதன் பிறகு

தந்தையின் வயதைப் பார்த்து, இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். வீட்டுக்குப் போனால் நாளைக்கே உதவி கேட்டு வருகிறவருக்குக் கதவைத் திறப்பேன் என்றார் அவர். கைதாகிப் பத்து நாளில், 84ஆம் வயதில், காவலிலேயே இறந்துபோனார். இரண்டு மகள்களும் ஸ்கெவனிங்கன் சிறை, ஃபுக்ட் முகாம், கடைசியில் ஜெர்மனியின் ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாம் என்று அனுப்பப்பட்டார்கள். மூத்தவர் 1944 டிசம்பர் 16 அன்று அங்கே இறந்தார். இளையவர் அந்த மாதக் கடைசியில் விடுவிக்கப்பட்டார், எழுத்தர் ஒருவரின் பிழையால் என்று பின்னால் தெரிந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். சகோதரரின் மகன் பெர்கன்-பெல்சனில் இறந்தார். சகோதரர் சிறையில் தொற்றிய காசநோயால் 1946இல் இறந்தார். ஆக, இந்தக் குடும்பம் கொடுத்தது நான்கு உயிர்.

சுவருக்குப் பின்னால் இருந்த நான்கு யூதர்களில் மூவர் போர் முடியும்வரை பிழைத்தார்கள். இயக்கத்தவர் இருவரில் ஒருவர் கொல்லப்பட்டார்.

எதை மாற்றியிருக்கலாம்

பெரிய தவறு, ஒரே கூரையின் கீழ் இரண்டு வேலைகள் நடந்தது. ஆளை ஒளிக்கும் வீடு அமைதியாக இருக்க வேண்டும். அட்டை விநியோகிக்கும் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தே தீரும். இரண்டையும் பிரித்திருந்தால் அந்தக் காலை 600 கில்டர் கேட்டு வந்தவன் வேறு ஒரு கதவைத் தட்டியிருப்பான், ஒளிந்தவர்கள் இருந்த இடம் அவனுக்குத் தெரிந்திருக்காது. இது அவர்களுக்கும் தெரியாமல் இல்லை. பிடிபடுவதற்கு முந்தைய வாரங்களில் ஆபத்து நெருங்குவதை உணர்ந்தும், அட்டைக்காகக் காத்திருப்பவர்கள் பட்டினி கிடப்பார்களே என்று நிறுத்த மனம் வரவில்லை.

இரண்டாவது, ஜன்னல் பலகை. ‘இருந்தால் பத்திரம்’ என்ற அடையாளம் எதிரிக்குப் புரிந்துவிட்டால் அவனுக்கே தூண்டில். வந்தவர் ஒன்று கேட்டு, உள்ளேயிருப்பவர் சரியான பதில் சொன்னால்தான் நுழைவது என்று இருந்திருந்தால் அந்த முப்பது பேரில் பலர் வாசலிலேயே திரும்பியிருப்பார்கள்.

பணம் கேட்டு வந்தவனை நேரடியாகக் கையாண்டது மூன்றாவது. விசாரித்துச் சொல்கிறேன், நாளைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெட்டியோடு வந்த முதல் பெண்ணையும் அவர்கள் விசாரிக்கவில்லை. எதையும் கேட்காமல் திறந்த அதே கதவு வழியாகத்தான் இவனும் வந்தான். இங்கே எனக்கு உறுதியான பதில் கிடையாது.

ஆஸ்துமாக்காரப் பெண்ணைச் சேர்த்ததை மட்டும் யார் கேட்டாலும் மாற்றச் சொல்ல மாட்டேன். நான்கு பேரில் பிழைக்காமல் போனவர் அவர்தான். வேறு இடத்துக்கு மாறிய பிறகு பட்டப்பகலில் தெருவில் பிடிபட்டார். அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் வீட்டில் சாயங்காலம் ஆனால் மின்சாரம் இருக்காது. சாப்பாட்டு அறையில் ஒரு சைக்கிளை நிறுத்தி ஒருவர் மிதிப்பார், அதன் முன்விளக்கு வெளிச்சத்தில் இன்னொருவர் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். மிதிப்பவருக்குக் கால் ஓய்ந்தால் ஆள் மாறுவார்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்தப் பெண் மற்றவர்களுக்கு இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்தார்.